இரண்டாவது பாட்டு

இர்மேலி கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள் என்று லெம்பி சொல்வதில் ஒரு சொல்கூட நிஜமில்லை. அந்தக் கதவை யாராலும் அறைய முடியாது. மழை பிடித்துவிட்டால் மரம் உப்பிக்கொள்ளும். கைப்பிடியை மேலே தூக்கிப் பிடித்து முழு உடம்பாலும் இழுத்தால்தான் தாழ் விழும். நான் எதிர்வீட்டுக்காரி. எத்தனையோ வருஷமாக அந்தக் கதவோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். லெம்பியின் கடை இருப்பது பஸ் நிறுத்தத்தில். அங்கிருந்து பார்த்தால் தேவாலயத்தின் பின்சுவர்தான் தெரியும். இர்மேலியின் வாசல் தெரியாது.

ஆனாலும் அவள் சொல்கிறாள், ஊரும் கேட்டுக்கொள்கிறது. போன வாரம் கடுகுச் சாந்து வாங்கப் போனேன். அடுப்பில் சாசேஜைப் புரட்டிக்கொண்டே ஆரம்பித்துவிட்டாள்.

"புருஷனுக்குப் பேரும் புகழும் திரும்ப வர்ற நேரம் பாத்து விட்டுட்டுப் போயிட்டா பாரு. எவ்வளவு கொழுப்பு இருக்கணும்! அதுவும் கொட்டகையில, டான்ஸ் ஆட்டத்துக்கு நடுவுல, அத்தனை பேர் முன்னால அவனத் தள்ளி விட்டுட்டு!"

"தள்ளி விட்டத நீ பாத்தியா?"

"ஊரே பாத்துச்சு."

"ஊரு பாத்தது இருக்கட்டும். நீ பாத்தியா?"

"நான் காப்பி வாங்க வரிசையில நின்னேன். திரும்பிப் பாத்தா இவ நடுவுல நிக்கிறா, அவன் பாவம் கதவுப் பக்கம் போறான். வேற என்ன பாக்கணும்? அந்த அக்கார்டியன்காரன் ஒருத்தன் இருந்தானே, அவன்கூடத்தான் போயிருக்கா."

"அக்கார்டியன்காரன் போன வருஷமே செத்துப் போயிட்டான், லெம்பி. அவன் சாவுக்கு நீயும்தான் வந்து கேக் தின்ன."

"அப்ப வேற எவனாவது."

"சாசேஜ் கருகுது, அதப் பாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன். கடுகை வாங்க மறந்துவிட்டேன். ஆகவே நான் சொல்கிறேன். அன்றைக்கு நடனக் கொட்டகையில், வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டிவைக்கும் இடத்தில் எனக்கு வேலை. அங்கிருந்து ஆட்டத் தளம் முழுவதும் தெரியும்.

இர்மேலியும் அவள் புருஷன் கௌகோவும் யார் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இருவரும் இந்த ஹௌகிலம்பியில் பிறந்து, ஒரே பள்ளியில் படித்து, ஒன்றாகப் பாடக் கிளம்பியவர்கள். வானொலியில் அவர்கள் பாட்டு வராத ஞாயிற்றுக்கிழமை ஒரு காலத்தில் இல்லை. "படகுத்துறை விளக்கு", "கருநெல்லிப் புதர்", "ஆகஸ்டு மழை". நாட்டில் பாதிப் பேர் அந்தப் பாட்டுகளுக்கு ஆடித்தான் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். பிறகு மின்சார கிதார்க்காரப் பையன்கள் வந்தார்கள். நாடு இவர்களை மறந்தது. கௌகோ மரம் அறுக்கும் ஆலைக்குப் போனான், இர்மேலி பள்ளிச் சமையலறைக்குப் போனாள். கோடையில் மட்டும் ஏரிக்கரை நடனக் கொட்டகையில் பாடுவார்கள்.

அந்த வீட்டில் பேச்சு நின்றது எப்போது என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. சண்டை எதுவும் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். குடி இல்லை, அடி இல்லை, இன்னொருத்தி இல்லை. மகன் ஸ்வீடனுக்கு வேலைக்குப் போனபின் மேஜையில் இரண்டு தட்டு மிஞ்சியது, அவ்வளவுதான். "உருளைக்கிழங்கு" என்பான், தள்ளி வைப்பாள். "பனி" என்பாள், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போவான். எங்கள் ஆண்கள் பேசுகிறவர்கள் இல்லை, என் புருஷன் பெண்டுவும் அப்படித்தான் இருந்தான். ஆனால் பெண்டு பேசாமல் இருந்தால் பேசாமல் இருக்கிறான் என்று தெரியும். கௌகோ பேசாமல் இருந்தால் அங்கே ஆள் இருப்பதே தெரியாது. கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. என் வாசல் பனியையும் அவன்தான் தள்ளுவான். நன்றி சொல்லக் கதவைத் திறப்பதற்குள் போயிருப்பான்.

யூரோ வந்த வருஷம், வசந்த காலத்தில், இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து தொலைபேசி வந்தது. இவர்களுடைய பாட்டுகளில் மிகச் சிறந்தவற்றைச் சேர்த்து ஒரே தட்டாகப் போடப் போகிறார்களாம். பழைய பதிவு நாடாக்கள் எங்கோ கிடந்து கெட்டுவிட்டதால் எல்லாவற்றையும் திரும்பப் பாடித் தர வேண்டுமாம். கௌகோ "பாடலாம்" என்றான். போனை வைத்துவிட்டான்.

இர்மேலி நேரே என்னிடம் வந்தாள். நான் ஏலக்காய் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

"என்ன, மறுபடியும் நட்சத்திரமா? இனிமே உன்கிட்டப் பேச நான் வரிசையில நிக்கணுமோ?"

"சும்மா இரு, ஹில்யா." உட்கார்ந்தாள். மாவில் ஒரு சிட்டிகை கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள், சின்னப் பிள்ளை மாதிரி. "ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. அந்தப் பாட்டெல்லாம் அவனும் நானும் அந்தக் காலத்துல நிஜமாவே பேசிக்கிட்டது. அவன் சொன்னத நான் பாட்டுல போட்டேன், நான் சொன்னத அவன் போட்டான். திரும்ப ஒரே ரூம்ல நின்னு, ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துப் பாடுனா, எங்கயாவது ஒரு இடத்துல அவனுக்கு வாய் திறக்காதா?"

"பாடறதுக்கு வாயத் தொறந்துதானே ஆகணும்."

"சிரிக்காதேன்னு சொன்னேன்."

நான் சிரிக்கவில்லை. அந்தத் தட்டில் அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பேரும் வேண்டாம், புகழும் வேண்டாம். லெம்பி இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

தாம்பரே நகரத்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்ப் பாடிவிட்டு வந்தார்கள். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"தனித்தனியா கண்ணாடிக் கூண்டு" என்றாள். "அவன் ஒண்ணுல, நான் ஒண்ணுல. காதுல ஹெட்போன் மாட்டிவிட்டாங்க. குரல் காதுக்குள்ள கேக்குது, ஆளு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதுகு காட்டி நிக்கிறான். இப்பல்லாம் அப்படித்தான் பாடுறாங்களாம்."

"அட, முதுகையா பாத்துப் பாடுன?"

"ஆகஸ்டு மழையில மேல போற இடத்துல எனக்குக் குரல் உடைஞ்சிருச்சு. மறுபடி மறுபடி பாடுனேன், வரல. பதிவு பண்ற பையன் பரவால்ல, பாத்துக்கறோம்னான். நான் அழுவேன்னு நினைச்சேன். ஒண்ணும் வரல. மூக்குதான் ஒழுகுச்சு."

தட்டு வந்தது. மேலட்டையில் அவர்களுடைய பழைய படத்தைப் போட்டிருந்தார்கள். இர்மேலிக்குத் தேன்கூடு மாதிரி கொண்டை, கௌகோவுக்குக் கன்னம் வரைக்கும் கிருதா. மூக்குக்கண்ணாடி இல்லாமல் எனக்கு எழுத்து தெரியாது, படம் தெரியும். "அழகா இருக்கீங்க" என்றேன். "அது யாரோ" என்றாள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு மத்தியானம், ஏரிக்கரைக் கொட்டகையில் தட்டு வெளியீட்டு ஆட்டம். எங்கள் வயசுக்காரர்களுக்கு மத்தியான ஆட்டம்தான். சாயங்காலம் மாடு கறக்க வேண்டியவர்கள் முன்பு இருந்தார்கள், இப்போது மாடு இல்லை, பழக்கம் இருக்கிறது. மழை நாள். கோட்டுகள் ஈரமாக வந்து குவிந்தன. இர்மேலி பச்சை நிற மேடை உடுப்பில் என்னிடம் வந்து நின்றாள்.

"இன்னைக்குப் பெண்கள் அழைப்புல நான் கௌகோவக் கூப்பிடப் போறேன்." பெண்கள் அழைப்பு என்றால், அந்த நேரத்தில் பெண்கள்தான் ஆண்களை ஆடக் கூப்பிடுவார்கள்.

"எதுக்கு?"

"ஆடத்தான். எங்களுக்கு இடைவேளை விட்டுட்டுத் தட்டப் போடுவாங்க. எல்லாரும் எங்க பாட்டுக்கு ஆடியிருக்காங்க, நாங்கதான் ஆடுனதே இல்ல. எங்க ஆடுறது? எப்பவும் மேடை மேல."

"சரி, ஆடு."

"ரெண்டாவது பாட்டுல அவன்கிட்டச் சொல்லுவேன்." ஈரக் கோட்டு ஒன்றின் காலரை நேராக்கிக்கொண்டே சொன்னாள். "ஏதாவது பேசு, இல்லன்னா நான் போறேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"ஏண்டி, அத வீட்லயே சொல்லக் கூடாதா? பொழுதன்னைக்கும் எதிர எதிர உக்காந்துதானே திங்கறீங்க?"

"வீட்ல எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

அது எனக்குப் புரிந்தது. எங்கள் ஆட்டத்துக்கு ஒரு முறை இருக்கிறது. ஒருவரைக் கூப்பிட்டால் இரண்டு பாட்டு ஆட வேண்டும். ஒன்றோடு விட்டால் அவமானம், மூன்றாவது ஆடினால் ஊர் பேசும். முதல் பாட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், கால் பழக வேண்டும். இரண்டாவது பாட்டில்தான் ஏதாவது சொல்லலாம். மழையைப் பற்றியாவது சொல்லலாம். அதற்காகவே பாட்டுக்காரர்கள் இரண்டிரண்டாகப் பாடுவார்கள், இரண்டாவதை மெதுவாகப் பாடுவார்கள். பெண்டு என்னை "எனக்கு ஒரு ஆட்டுக்கிடா இருக்கு" என்று கல்யாணத்துக்குக் கேட்டதும் ஒரு இரண்டாவது பாட்டில்தான். பாட்டு முடிந்ததும் ஆண், பெண்ணை அவள் முன்பு நின்ற இடத்துக்கே கொண்டுவந்து விட்டு, "நன்றி" சொல்ல வேண்டும். பெண்ணும் "நன்றி" சொல்வாள். யார் கூப்பிட்டிருந்தாலும் கொண்டுபோய் விடுவது ஆண்தான். குடித்திருந்தாலும் அதைச் செய்வான். அதைக்கூடச் செய்யாதவனோடு அந்தக் கோடை முழுவதும் யாரும் ஆட மாட்டார்கள்.

அவர்கள் முதலில் மேடையில் பாடினார்கள். நன்றாகத்தான் இருந்தது. பிறகு இடைவேளை விட்டு, பெண்கள் அழைப்புக்கான விளக்கைப் போட்டார்கள். கருவியில் தட்டு ஓடத் தொடங்கியது. முதல் பாட்டு "படகுத்துறை விளக்கு". இர்மேலி நேராக நடந்துபோய், வாசலருகே பெட்டியிலிருந்து தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்த கௌகோவின் முன்னால் நின்றாள். அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். அந்த இடத்தில் முடியாது என்று சொல்லவும் முறை கிடையாது. வந்தான்.

ஆடினார்கள். நான் கோட்டு மாட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். இருவர் காலும் தாளம் தப்பவில்லை, அவர்கள் பாட்டுத்தானே. அவள் முகம் அவன் தோளுக்கு மேலே தெரிந்தது. மூடிய கடை மாதிரி ஒரு முகம்.

முதல் பாட்டு முடிந்தது. ஜோடிகள் கையை விடாமல் நின்றார்கள், அப்படித்தான் நிற்போம். இரண்டாவது ஆரம்பித்தது. "ஆகஸ்டு மழை". அக்கார்டியன் இரண்டு இழுப்பு இழுத்தது, பெண் குரல் எழுந்தது. அப்போது கௌகோ கையை விட்டான். அவளிடம் என்னவோ ஒரு சொல் சொன்னான். வாசலருகே மேஜையைக் காட்டினான், அங்கே கையெழுத்து வாங்க ஆட்கள் நின்றார்கள். திரும்பிப் போய்விட்டான்.

அவன்தான் போனான். அவள் தள்ளவில்லை. நான் பார்த்தேன்.

அவள் அதே இடத்தில் நின்றாள். ஓடவில்லை, முகத்தை மூடவில்லை. சுற்றிலும் ஜோடிகள் அவளை இடிக்காமல் சுற்றிப்போய் ஆடினார்கள், ஆற்றில் கல்லைச் சுற்றித் தண்ணீர் போகிற மாதிரி. முழுப் பாட்டையும் நின்று கேட்டாள். முடிந்தபின் தனியாக நடந்து என்னிடம் வந்தாள். அவள் தனியாக நடந்து வருவதை எல்லோரும் பார்த்தார்கள். லெம்பி மட்டும் வரிசையில் காப்பிக்கு நின்றாள்.

"அந்தக் கழுத! வரட்டும் அவன்..." என்றேன்.

"அது நான் இல்ல, ஹில்யா."

"எது?"

"இப்பப் பாடுனது. மேல போற இடம் உடையலையே. என் குரல எடுத்துட்டு வேற யாரையோ பாட வெச்சிருக்காங்க. அந்தப் பாட்டு முழுசும் அவதான்."

நான் அந்தப் பாட்டு ஓடும்போது கூடவே முனகிக்கொண்டிருந்தேன். இளவயசிலிருந்து அவள் பாடிக் கேட்டவள் நான். எனக்கே தெரியவில்லை. கொட்டகையில் ஒருவருக்கும் தெரியவில்லை. நல்ல பாட்டு, நல்லா ஆடினார்கள்.

"அவனுக்குத் தெரியுமா?"

"ஆரம்பிச்ச உடனே விட்டுட்டுப் போனானே. தெரிஞ்சிருக்கும். எனக்கு ஒண்ணுமே ஆகல. என் எடத்துல இன்னொருத்தி நின்னு அவன்கூடப் பாடுறா. பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நின்னு கேட்டுட்டு வந்தேன். ஏதாவது ஆகணும்தானே? காப்பி இருக்கா?"

ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள். மேடையேறி மிச்சப் பாட்டையும் பாடினாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு அவர்கள் காரில்தான் வந்தேன், பின் இருக்கையில், மடியில் விற்காத தட்டுப் பெட்டியோடு. மழைத் துடைப்பான் ஓடிக்கொண்டிருந்தது. மரம் அறுக்கும் ஆலையைத் தாண்டும்போது இர்மேலி கேட்டாள்.

"யாரு அந்தப் பொண்ணு?"

கௌகோ காரை வளைவில் திருப்பி முடித்தான். "தாம்பரேக்காரி. கம்பெனிலேர்ந்து போன்ல கேட்டாங்க. சரின்னேன்."

"நல்லா பாடுறா."

"ஆமா."

அவ்வளவுதான். பல வருஷத்தில் அவர்கள் இவ்வளவு பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். நான் பின்னாலிருந்து சொன்னேன், எனக்கு வாய் அடங்காது: "கௌகோ, பொம்பளைய நடுத் தளத்துல விட்டுட்டுப் போனியே, உன் அப்பன் உன்னைப் பெத்தானா, கண்டெடுத்தானா?" அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். காது சிவந்திருந்தது. வெட்கம்தான் என்று பிறகு சிலர் சொன்னார்கள். அந்தக் குரலுக்கு அவளோடு ஆட அவனுக்குக் கால் வரவில்லை என்றார்கள். இருக்கலாம். வெட்கமோ எதுவோ, கூட்டிக்கொண்டுபோய் அவள் இடத்தில் விட்டுவிட்டுப் பிறகு வெட்கப்பட வேண்டியதுதானே. அங்கிருந்து அவள் முன்பு நின்ற இடம் வரைக்கும் என்ன பெரிய தூரம்?

அதற்குப் பிறகும் அவள் உடனே போகவில்லை. இதையும் லெம்பி மாற்றிச் சொல்கிறாள். சமையலறை வேலைக்குப் போனாள், வந்தாள். சனிக்கிழமை சவ்னா நீராவிக் குளியலுக்கு விறகு வைத்தாள். காளான் பறித்து உப்பில் போட்டாள். எனக்கும் ஒரு ஜாடி தந்தாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வானொலியில் அந்த ஆகஸ்டு மழை வந்ததாம், அந்தத் தாம்பரேக்காரியின் குரலில். கௌகோ எழுந்து போனானாம். நிறுத்தப் போகிறான் என்று நினைத்தாளாம்.

"நிறுத்தலையா?" என்று கேட்டேன்.

"சத்தத்தக் கூட்டுனான். அடுத்து வானிலை வரும்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், ஆனால் அது சிரிப்பு இல்லை. பல்லில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி வாயை இழுத்தாள்.

மரம் எல்லாம் இலை உதிர்த்து முடித்த ஒரு காலையில் வந்தாள். மேலே கோட்டு. கையில் ஒன்றும் இல்லை.

"நான் கிளம்பறேன், ஹில்யா."

"எங்க?"

"தங்கச்சி வீட்டுக்கு. அப்புறம் பாக்கலாம்."

"அவன்கிட்டச் சொன்னியா? பேசு, இல்லன்னா போறேன்னு?"

"இல்ல. அத ரெண்டாவது பாட்டுல சொல்லணும்னு இருந்தேன். அது போயிருச்சு."

"மீன் சூப்பு அடுப்புல இருக்கு. சாப்டுட்டுப் போ."

"பஸ் வந்துரும்."

"பஸ் கெடக்கு. உக்காரு. அழணும்னா இங்க அழு, அவன் முன்னால அழாத."

"அழுகை வந்தா அழ மாட்டேனா?" என்றாள், ரொம்பப் பொறுமையாக, எனக்குப் புரியவைக்கிற மாதிரி. "பாத்துப் பாத்துத் தேடுறேன், உள்ள ஒண்ணும் இல்ல. அதுக்காகத்தான் போறேன். அவன் மேல கோவம் இருந்தா இங்கயே இருந்திருப்பேன்."

இரண்டு கரண்டி சூப் குடித்தாள், எனக்காக. ரொட்டியை ஒரு துணியில் கட்டி அவள் கோட்டுப் பையில் திணித்தேன். அவள் தெருவைக் கடந்து வீட்டுக்குள் போனாள். நான் ஜன்னலில் நின்றேன்.

கௌகோ முற்றத்தில் பிர்ச் மர விறகைப் பிளந்து சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் பெட்டியோடு வெளியே வந்தாள். சின்னப் பெட்டிதான். பச்சை உடுப்பு அதில் இல்லை, அது இன்னும் அந்த அலமாரியில் தொங்குகிறது, கௌகோவே எனக்குக் காட்டினான். பெட்டியைப் படியில் வைத்தாள். என் ஜன்னல் சற்றுத் திறந்திருந்தது, சூப்பின் ஆவிக்காக. அதனால் கேட்டது.

"நன்றி" என்றாள்.

கௌகோ கோடரியோடு நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். எங்கள் ஊரில் ஒருவர் அந்தச் சொல்லை அப்படி, ஆட்டம் முடிந்ததும் சொல்கிற மாதிரி சொன்னால், திருப்பிச் சொல்ல வாய் தானாகப் பழகியிருக்கும்.

"நன்றி" என்றான்.

அவள் இன்னும் கொஞ்சம் நின்றாள். நான் எண்ணிக்கொண்டு நிற்கவில்லை, ஆனால் ஒரு ஆள் கோடரியைக் கீழே வைத்துவிட்டு முற்றத்தைக் கடந்து வந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொள்ளப் போதுமான நேரம் அது. அவன் குனிந்து ஒரு கட்டையை நிறுத்தினான்.

இர்மேலி திரும்பினாள். கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் மேலே தூக்கி, உடம்பைப் பின்னால் சாய்த்து, இழுத்தாள். முதல் தடவை விழவில்லை. மறுபடியும் தூக்கி இழுத்தாள். தாழ் விழுந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.